நாட்டுத் துப்பாக்கியும் ஒரு முழ வாழைநாரும்

போன வாரம் ஒரு நண்பரிடமிருந்து வாட்ஸப்பில் படம் வந்தது. கட்டிலில் போர்வை விரித்து, அதன்மேல் ஒரு நாட்டுத் துப்பாக்கியைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காட்டுவதுபோல் சாய்த்து வைத்து எடுத்த படம். ஒற்றைக் குழல், குழல் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற பழைய ரகம். கீழே ஒரு கேள்வி. ‘செகண்ட்ஹேண்ட்தான். லைசென்சுக்கு எழுதிப் போட்டிருக்கேன். நீங்க வச்சிருந்தவருல்லா, நல்லது கெட்டது சொல்லுங்க.’

நண்பருக்கு மலையடியில் தோட்டம். காட்டுப்பன்றித் தொல்லை. கேள்வி நியாயமானதுதான். ஆனால் படத்தைப் பார்த்ததும் எனக்கு வாசனை வந்துவிட்டது. கந்தகம், தேங்காய் எண்ணெய், அதோடு கொஞ்சம் சந்தனம். இந்த மூன்றும் சேர்ந்து எந்தக் கடையிலும் கிடைக்காது. மூன்றாவதை நினைத்தபோது போனைக் கீழே வைத்துவிட்டேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். குறைவு என்பதால் சீக்கிரம் முடிந்துவிடும். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. கல்லிடைக்குறிச்சியில் வீடு, பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலை. குடும்ப நிலங்களில் அப்பா விற்க மறந்துபோன ஒன்றரை ஏக்கர், மணிமுத்தாறு போகிற வழியில் மலையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. அதில் வாழை. வாழையைப் பார்த்துக்கொண்டவர் சுடலைமுத்து, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எதை எப்போது செய்ய வேண்டும் என்று அவர் எனக்குச் சொல்வார். நான் அதையே அவருக்குத் திரும்ப உத்தரவாகச் சொல்வேன். நான் விவசாயம் பார்த்த லட்சணம் இதுதான்.

பன்றிகள் வர ஆரம்பித்ததும் பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் வாங்கினேன். மலைமேல் எஸ்டேட்டில் காவல் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பிச்சையா அண்ணாச்சி தன் துப்பாக்கியை முறைப்படி என் பேருக்கு மாற்றிக் கொடுத்தார். மறுநாளிலிருந்து தெருவில் என் மதிப்பு கூடியது. தினமும் காலையில் என் செய்தித்தாளை வாங்கிப்போகும் எதிர்வீட்டுக்காரர், முதல் முறையாக அதை அவரே திருப்பிக் கொண்டுவந்தார். வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதிவருகிறவர்கள் தொகை கூடியது. நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பன்றிகளைக் கொல்லக் கூடாது. வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவுதான். அதுவும் பல நாள் தேவைப்படாது. மருந்தை அளந்து குழலில் கொட்டி, தென்னஞ்சிம்பை உருண்டையாக்கிப் போட்டு, கம்பியால் இடித்து இறுக்கி, தீப்பொறி கிளப்பும் கேப்பை மாட்டி நாம் நிமிர்வதற்குள் அவை சாப்பிட்டு முடித்துப் புறப்பட்டிருக்கும்.

நல்லது முடிந்தது.

துப்பாக்கியைக் கொடுத்த அன்றே கெட்டதைப் பிச்சையா அண்ணாச்சி சொல்லிவிட்டார். “சார்வாள், இதுல ஒரே ஒரு கோளாறுதான். கெட்டிச்சா லேசுல அவுக்க முடியாது, வெடிச்சுத்தான் காலி பண்ணணும். கெட்டிச்சத மறந்துட்டு அதுமேல இன்னொண்ணு கெட்டிச்சீருன்னு வையும், குழலே பிளந்துரும். எங்கூட சோலி பாத்த ஒருத்தனுக்கு இங்கன...” என்று வலது கண்ணைத் தொட்டார். பிறகு இடது கைக் கட்டைவிரலை உள்ளே மடக்கி, இல்லாததுபோல் காட்டினார். பிறகு காபி கேட்டார்.

அந்த மடங்கிய விரல் என் மனதை விட்டுப் போகவில்லை. அதனால் நானும் சுடலைமுத்துவும் ஒரு விதி வைத்துக்கொண்டோம். கேப்பின்மேல் வந்து அடிக்கிற சுத்தியல் போன்ற பாகத்துக்குக் குதிரை என்று பேர். யார் கெட்டித்தாலும் குதிரையில் ஒரு வாழைநாரைக் கட்டிவிட வேண்டும். வெடிக்கப் போகிறவர்தான் அதை அவிழ்க்கலாம். நார் இருந்தால் உள்ளே மருந்து இருக்கிறது. நார் இல்லையென்றால் இல்லை. கம்பியைக் குழலில் விட்டு ஆழம் பார்த்தாலும் தெரியும் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். நார் இருக்கும்போது கம்பி எதற்கு? கணக்கு வாத்தியாருக்கே உரிய கர்வத்தோடு அந்த விதியை நான் ரசித்தேன். அதைத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். துப்பாக்கியைத் தொடுகிறவர்கள் மூன்று பேர். இந்த வித்தியாசம் என் கண்ணில் படவில்லை.

அந்த வருஷம் நவராத்திரி நடுவில் ஒரு சாயங்காலம் எனக்கு வீரம் வந்தது. நானே வயலுக்குப் போய், நானே கெட்டித்து, நானே நார் கட்டி, கொசுக்கடியில் உட்கார்ந்திருந்தேன். பன்றி வரவில்லை. கெட்டித்த துப்பாக்கியோடு வீடு திரும்பினேன். தெருவில் வைத்து வெடிக்க முடியுமா? முற்றத்துக்கு முற்றம் அப்பளம் காய்கிற தெரு. கேப்பு மாட்டாதவரை ஆபத்தில்லை என்று பீரோவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன். நார் கட்டியபடியே இருந்தது.

மூன்றாம் நாள் ஆயுத பூஜை. எனக்குப் பள்ளிக்கூடத்தில் பூஜை; வீட்டுப் பூஜை கோமதியின் பொறுப்பு. எங்கள் வீட்டில் இரும்பாக இருக்கிற எதுவும் அன்றைக்கு என் மனைவியிடமிருந்து தப்பாது.

மறுநாள் விஜயதசமி. விடிந்ததும் ஆற்றில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வீட்டுக்குள் நுழைகிறேன். பூஜையில் வைத்தவற்றைக் கோமதி ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். வாடிய பூவையும் துளசியையும் ஒரு முறத்தில் குவித்திருந்தாள். அதன் நடுவில், முடிச்சு அவிழ்ந்து, ஒரு முழ வாழைநார்.

“இது எங்கெருந்து வந்துது?” என்றேன்.

“துப்பாக்கில கெடந்ததுதான். சாமிக்கு முன்னால வைக்கோம், அழுக்கா நாரத் தொங்கவிட்டா நல்லாவா இருக்கும்? அவுத்துப் போட்டுட்டு, தேங்காண்ணெ போட்டுத் தொடச்சு, சந்தனம் குங்குமம் வச்சேன்.”

“துப்பாக்கி எங்க?”

“சுடலையண்ணன் வந்து வாங்கிட்டுப் போனாவ. குலசைக்கு எட்டு மணிக்கு வேனாம், அதுக்குள்ள ஒரு வெடியப் போட்டுட்டு வந்துருதேன்னாவ. போலீஸ் வேஷத்துல வந்து நின்னாவளா, நான் உங்களத்தான் புடிக்க வந்துட்டாங்களோன்னு...” சிரிக்க ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

“போயி எவ்வளவு நேரமாச்சு?”

“இருவத்தஞ்சு நிமிசம் இருக்கும். ஏங்க, என்னாச்சு?”

மொபெட்டை எடுத்தேன். பத்து வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த கணக்கு அன்று எனக்கு வந்தது. வயல் எட்டுக் கிலோமீட்டர். சைக்கிளுக்கு நாற்பது நிமிஷம். அவர் போய்ச் சேர இன்னும் பதினைந்து. என் மொபெட்டுக்குப் பதினாறு. கெட்டிக்க நாலு நிமிஷம் ஆகும். ஆக, எனக்கு மூன்று நிமிஷம் மிச்சம். மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் மூன்றுதான் வந்தது.

ஊர் எல்லையில் ஒரு தசரா செட்டு ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. நேர்த்திக்கடனுக்கு வேஷம் கட்டி, குலசை என்கிற குலசேகரன்பட்டினத்துக்குப் புறப்படும் கூட்டம். மேளம் முழங்குகிறது. ஒரு காளி, இரண்டு குரங்கு, ஒரு ராஜா. ஈர வேட்டியோடு, மேலில் துண்டுகூட இல்லாமல் வந்து நின்ற என்னை, நேர்த்திக்கடன்காரன் என்று நினைத்துவிட்டார்கள். காளி மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு நிதானமாக என்னிடம் வந்தது. தட்டிலிருந்து குங்குமத்தை எடுத்து, நெற்றியின் நடு எது என்று பார்த்து, பைய வைத்தது. மாலை போட்டவர் பொட்டு வைக்கும்போது வண்டியை முறுக்கிக்கொண்டு போக எங்கள் பக்கத்தில் ஒருவனுக்கும் தைரியம் வராது. எனக்கும் வரவில்லை.

“என்ன வே, நீரு எந்தச் செட்டு?” என்றது காளி, கீழ்த்தெரு டெய்லரின் குரலில்.

“வழி விடுங்க” என்றேன்.

விட்டார்கள். மூன்று நிமிஷமும் போயிருந்தது.

வயல் வரப்பில் மொபெட்டைப் போட்டபோதே தெரிந்துவிட்டது. வாழைகளுக்கு அந்தப் பக்கம், மேட்டில், காக்கிச் சட்டையும் தொப்பியுமாகச் சுடலைமுத்து. துப்பாக்கி நிமிர்ந்திருக்கிறது. கன்னத்தைக் கட்டையில் வைத்திருக்கிறார். வாழை நடுவில் எதுவோ சலசலக்கிறது.

“சுடலமுத்து! வேண்டாம் வே!” என்று கத்தினேன். இரண்டு பேருக்கும் நடுவே கால்வாய்; நல்ல தண்ணீர் வரத்து. அந்த இரைச்சலில் வார்த்தை போய்ச் சேரவில்லை. நான் கையை வீசுவது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. பன்றி இந்தப் பக்கம் வருகிறது, சீக்கிரம் வெடியும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொண்டார். தலையை ஆட்டினார். விசையை இழுத்தார்.

டக்.

சத்தம் எனக்குக் கேட்டதா, அவர் தோள் அசைந்ததைப் பார்த்து நானே கேட்டுக்கொண்டேனா, தெரியாது. வெடிக்கவில்லை. அவர் அந்தக் கேப்பை நகத்தால் தட்டிவிட்டு, சட்டைப் பையிலிருந்து இன்னொன்றை எடுத்து மாட்டினார். நான் கால்வாயில் இறங்கினேன். இடுப்பளவு தண்ணீர், அடியில் சேறு. ஒரு காலை எடுத்தால் மற்றது புதைகிறது. மறுபடி கன்னத்தைச் சாய்த்தார். மடங்கிய கட்டைவிரலும் அதைக் காட்டிய பிச்சையா அண்ணாச்சியும் எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றார்கள். கண்ணை மூடிக்கொண்டேன். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த நேரத்தில் நான் செய்த காரியம் அது ஒன்றுதான்.

டக்.

கண்ணைத் திறந்தபோது மூன்றாவது கேப்பை விரல் இடுக்கில் வைத்துக்கொண்டிருந்தார். மேட்டில் ஏறி விழுந்து அந்தக் கையைப் பிடித்துவிட்டேன்.

“கேப்பு நமுத்துப் போச்சு போல சார்வாள். நீங்க எதுக்கு இப்பிடி நனைஞ்சுக்கிட்டு...”

“உள்ள மருந்து இருக்கு வே. நான் கெட்டிச்சது.”

“நாரு இல்லையே.”

“கோமதி அவுத்துட்டா. அவளுக்குத் தெரியாது. நான் சொல்லல.”

அவர் துப்பாக்கியைப் பார்த்தார். அதை மலைப்பக்கம் திருப்பி, புல்லில் பச்சைப்பிள்ளையைக் கிடத்துவதுபோல் வைத்தார். நாலு எட்டு தள்ளிப் போய்த் தரையில் உட்கார்ந்தார். போலீஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பன்றிகள் எங்களைப் பொருட்படுத்தாமல் வாழைக்கிழங்கைத் தோண்டிக்கொண்டிருந்தன.

“கெட்டிக்கும்போது கம்பி எப்பவும்விட வெளிய நீட்டிக்கிட்டுத்தான் நின்னுது” என்றார் கடைசியில். “வேனுக்கு நேரமாச்சேன்னு பாக்காம விட்டுட்டேன்.” தப்பில் தன் பங்கைத் தேடி எடுத்துக்கொள்கிற மனிதர். நான் அதை மறுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

பிச்சையா அண்ணாச்சியை வரவழைத்தோம். துப்பாக்கியைப் பகல் முழுவதும் கால்வாயில் ஊறப்போட்டு, சாயங்காலம் எங்கள் முற்றத்தில் வைத்து, முனையில் திருகு வைத்த கம்பியால் உள்ளே இருந்ததை இழுத்தார். ஒரு சிம்பு உருண்டை, கரிய சேறு. மறுபடி ஒரு சிம்பு உருண்டை, மறுபடி சேறு. “ரெண்டு குடும்பம்லா குடியிருந்திருக்கு” என்றார். பிறகு கேப்பு மாட்டும் இடத்தில், நெருப்பு உள்ளே போகிற சின்னத் துளையை ஊசியால் குத்தி, வந்ததை மோந்து பார்த்தார்.

“சந்தனம்! இந்தத் தொளையில எந்தக் கூறுகெட்ட பய வே சந்தனத்தக் கொண்டு அப்புனான்? நெருப்பு எப்பிடி உள்ள போவும்?”

காபி டம்ளரோடு பக்கத்தில் நின்ற கோமதி, “நான்தான் அண்ணாச்சி. அதுதான் நெத்தி மாதிரி இருந்துது” என்றாள்.

அண்ணாச்சி காபியை வாங்கிக்கொண்டார். ஒரு வாய் குடித்தார். “இனிமேயும் அங்கனயே வையிங்கம்மா” என்றார்.

மறுநாள் சுடலைமுத்து குலசையிலிருந்து குங்குமம் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார். நாரைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. ஆனால் அந்தத் துப்பாக்கியை அவர் அப்புறம் தொடவேயில்லை. தொடச் சொல்லும் யோக்கியதை எனக்கும் இல்லை. அடுத்த வருஷம் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, ரப்பர் முத்திரை சாய்ந்து விழுந்த ரசீது ஒன்றை வாங்கிக்கொண்டேன். இப்போது அந்த ரசீதும் எங்கேயோ போய்விட்டது. வாழை நின்ற இடம் கைமாறி, பன்றிகளுக்கே அக்கறையில்லாத கல் நட்ட மனைகளாகிவிட்டது. கோமதி மட்டும் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும், பொட்டு வைக்குமுன், குக்கரிலிருந்து என் லேப்டாப் வரை எதையெடுத்தாலும் “உள்ள ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டுவிட்டுத்தான் வைக்கிறாள்.

நண்பருக்கு இதையெல்லாம் எழுதி, பிறகு அழித்துவிட்டு, ஒரே வரி அனுப்பினேன். ‘வாங்குறது இருக்கட்டும், அதைத் தொடப்போறவங்க எத்தனை பேர்னு முதல்ல எண்ணுங்க.’ அவர் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினார். அந்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுடலைமுத்து போன வருஷம் மார்கழியில், நாலு நாள் காய்ச்சலில், தன் வீட்டுக் கட்டிலில் போய்ச் சேர்ந்தார். மாலையோடு போயிருந்தேன். கைகளை மார்பில் வைத்து, கட்டைவிரல் இரண்டையும் ஒரு துணிக்கிழிசலால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் நின்றவர்கள் நான் கும்பிடுவதாக நினைத்திருப்பார்கள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பத்தும் இருந்தன.