இந்தப் படத்திலாவது சாகக் கூடாது

போன பொங்கலுக்கு முந்திய சனிக்கிழமை, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது, கூடவே சிரிப்பும் வருகிறது.

நாங்கள் கிள்ளானில், மேரு பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். தனிக்குடித்தனம் வந்தபின் அதுதான் முதல் பொங்கல். என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. அவளுக்குப் பட்டுப் பாவாடை தைக்க என் மாமியார் பிரிக்ஃபீல்ட்ஸில் தனக்குப் பழக்கமான தையற்கடையில் கொடுத்திருந்தார். அதை வாங்கி வருவது என் பொறுப்பு. கணவருக்குத் துறைமுகத்தில் ஷிஃப்ட். குழந்தையை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் கார் ஓட்ட எனக்குப் பயம் என்பதால் அவளைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்துக் கொமியூட்டர் ரயிலில் போனேன். நான் எதற்கும் பயப்படுகிறவள். குழந்தையை மாமியாரிடம் விட்டுக் கடைக்குப் போனால்கூட வழியிலேயே போன் செய்து, அழுகிறாளா என்று கேட்பேன்.

பாவாடையை வாங்கிக்கொண்டு, சந்து முனையில் இருந்த கடையில் ஒரு மண்பானையும் வாங்கினேன். கடைக்கார ஆன்டி அதைப் பையில் போட்டுக் கொடுக்கும்போதுதான் சந்துக்குள் சத்தம் கேட்டது.

இரண்டு இளைஞர்கள் ஒரு பெண்ணைச் சுவரோடு தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடுவதுபோல ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டியிருந்தான். "விடுங்கடா!" என்று கத்திய குரலிலும், அவர்கள் அவரைக் கூப்பிட்ட காது கூசும் வார்த்தையிலும், அவர் ஒரு திருநங்கை என்று எனக்குப் புரிந்தது. பச்சைச் சேலை. ஒரு செருப்பு கழன்று கிடந்தது.

அந்த வழியாக ஆட்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். அலுவலகச் சட்டை போட்ட ஒருவர் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டு நடந்தார். இரண்டு பெண்கள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார்கள். யாரோ சிரித்தார்கள்கூட. நான் அங்கேயே நின்றேன். போலீசுக்குப் போன் செய்யலாமா, கணவரைக் கேட்கலாமா, குழந்தையோடு இருக்கும்போது இதெல்லாம் நமக்குத் தேவையா என்று மனசுக்குள் ஒரு கூட்டமே நடந்தது.

அப்போது ஜாக்கெட்காரன் ஹெல்மெட்டைக் கழற்றி ஓங்கினான்.

"ஆன்டி, பிள்ளைய பாத்துக்குங்க!" என்று தள்ளுவண்டியை அந்தக் கடைக்கார ஆன்டியிடம் தள்ளிவிட்டேன். முன்பின் தெரியாத ஒருவரிடம்!

"ஏம்மா, புள்ளைய விட்டுட்டு எங்கம்மா ஓடுற?" என்று அவர் கத்தியது பின்னால் கேட்டது. நான் ஓடிக்கொண்டிருந்தேன். கையில் பை இருந்தது. வீசினேன். பானை ஹெல்மெட்டில் பட்டுச் சுக்குநூறாக உடைந்தது.

"அக்கா! அக்கா! அடிக்காதிங்க! ஷூட்டிங்க்கா!"

"யாருகிட்டடா கதை விடுற? கேமரா எங்கடா?"

"வேன்லக்கா! அந்த வேன்ல! பாஸ், வெளிய வாங்க பாஸ், இவங்க கொன்னுருவாங்க!"

எதிரே நின்றிருந்த வெள்ளை வேனின் கதவு திறந்தது. தொப்பி போட்ட ஒரு சின்னப் பெண், காதில் ஹெட்போனோடு இறங்கி வந்தாள். அவள்தான் இயக்குநர். வேனின் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கேமராவை மறைத்து வைத்து, உண்மையான மக்கள் கண்டுகொள்ளாமல் போவதைப் படம் பிடிக்கிறார்களாம். அடிபடுகிற பெண்ணை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அவள் அங்கேயே சாகிறாள். இதுதான் அவளுடைய குறும்படம்.

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அந்தத் திருநங்கை அக்கா சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடி பலமாடா?" என்று அவனைக் கேட்டார். "இல்லக்கா, ஹெல்மெட் காப்பாத்திருச்சு. ஆனா உயிரு போயிட்டு வந்துச்சு," என்றான் அவன்.

அதற்குள் ஷூட்டிங் என்ற சொல் பரவிவிட்டது. அதுவரை நடந்துகொண்டே இருந்த சந்து நின்றது. எங்கிருந்துதான் வந்தார்களோ, கூட்டம் கூடியது. எந்த டிவியில் வரும் என்று ஒருவர் கேட்டார். கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போன அதே இரண்டு பெண்கள் திரும்பி வந்து அந்த அக்காவோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். அக்காவும் புன்னகையோடு நின்றார்.

"காலையிலேருந்து இதே அடிய வாங்குறேன்மா," என்றார் என்னிடம். "வந்த ஒரே ஆளு நீதான்."

பானை உடைந்ததுதான் எனக்குப் பெரிய கவலை. பொங்கலுக்கு முன் பானை உடைந்தால் சகுனம் என்னாவது, மாமியாரிடம் என்ன சொல்வது? கடைக்கார ஆன்டியின் இடுப்பில் என் மகள் உட்கார்ந்து கரும்புத் துண்டை நக்கிக்கொண்டிருந்தாள். நான் கண் கலங்கி நிற்பதைப் பார்த்து அந்த அக்காவே கடையிலிருந்த பானைகளை ஒவ்வொன்றாகத் தட்டி, மணிபோல ஒலித்த ஒன்றை எடுத்துத் தந்தார். "ஒடைஞ்சது அவன் திமிரு. பானை இதுதான்," என்றார். ஆன்டி அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் படக்குழுவினர் எங்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்கள். அங்கேதான் உண்மையான சண்டை ஆரம்பித்தது.

"டைரக்டரம்மா, இந்த ஷாட்ட வச்சுக்க," என்றார் அக்கா. "யாரோ ஒருத்தி ஓடி வர்றா. நான் எந்திரிச்சு வீட்டுக்குப் போறேன். முடிச்சிடு."

"அக்கா, யாரும் வரலங்கறதுதான்க்கா படமே. உண்மைய காட்டலேன்னா யாருக்கு உறைக்கும்?"

"உண்மையா? என் கூட்டாளிங்க அடிபட்டத நான் கண்ணால பாத்திருக்கேன். அதையும் காட்டு, வேணாங்கல. ஆனா அதோட ஏன் முடிக்கிற? நான் நடிச்ச எல்லாப் படத்துலயும் செத்தாச்சு. ஒன்னுல விஷம், ஒன்னுல கத்தி. இன்னொன்னுல எப்படிச் செத்தேன்னு டைரக்டருக்கே தெரியல." எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "சாகலேன்னா காமெடி. நான் நடந்து வந்தாலே பின்னால டிங்கு டிங்குன்னு மியூசிக். எங்கம்மா இப்பல்லாம் என் படம் பாக்க வரமாட்டேங்குறாங்க. நீ சாகறத நான் எத்தனை தடவைடி பாக்கறதுன்னு கேக்குறாங்க. இந்தப் படத்துலயாவது நான் சாகக் கூடாதும்மா. அவங்க ஒரு தடவை வந்து உக்காந்து பாக்கணும்."

இயக்குநர் பெண் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தாள். "ஒருத்தங்க வந்து காப்பாத்தினா, பாக்குறவங்க அப்பாடான்னு எந்திரிச்சுப் போயிடுவாங்களேக்கா."

"இந்தப் பொண்ண ஹீரோ ஆக்கச் சொல்லல. நான் வீட்டுக்குப் போகணும். அவ்வளவுதான் கேக்குறேன். என்னை அடிக்கிறதுக்கு எவ்ளோ நேரம் குடுத்திருக்க? நான் வீட்டுக் கேட்டத் தொறந்து உள்ள போறதுக்குக் கொஞ்சம் குடு."

நான் படங்களை அழுதுகொண்டே பார்க்கிறவள். அழுதால் போதும், நல்ல படம் என்று நினைத்து வந்தவள். அந்தத் திரையில் செத்தவருக்கு வீட்டில் ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கடைசியில் இயக்குநர் பெண் சம்மதித்தாள். ஆனால் சிக்கல் என்னிடம் வந்து நின்றது. காட்சியில் என் முகம் பளிச்சென்று தெரிகிறது. நடிகையை வைத்து மறுபடியும் எடுக்க நேரமில்லை. முகம் தெரியாதபடி என்னையே திரும்ப ஓடி வரச் சொன்னார்கள். முயற்சி செய்தேன். பாலர் பள்ளிப் பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறவள்போல நடந்து வந்தேனாம். ஹெல்மெட்காரன் சிரித்தே விட்டான். முதலில் எடுத்ததுதான் வேண்டும். அதற்கு நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கணவருக்குப் போன் செய்தேன். "பிள்ளைய யார்கிட்ட குடுத்த?" என்பதுதான் முதல் கேள்வி. எல்லாம் சொல்லி முடித்ததும், "உனக்கு என்ன தோணுது?" என்றார். எனக்கு என்ன தோன்றுகிறது என்று தெரிந்தால் இவருக்கு ஏன் போன் செய்கிறேன்? இணையத்தில் கண்டபடி எழுதுவார்கள், மாமியார் வீட்டில் பேசுவார்கள், மகள் வளர்ந்து பார்த்தால்? யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தேன். அக்கா என்னை வற்புறுத்தவில்லை. அவருடைய வீடு கிள்ளான் போகிற வழியில், கம்போங் மேடானில். என்னோடு அதே ரயிலில் வருவதாகச் சொன்னார்.

நான் எப்போதும் பெண்கள் பெட்டியில்தான் ஏறுவேன். நிலைய மேடையில் அந்த இளஞ்சிவப்பு அடையாளத்தின் முன்னால் போய் நின்றபோது அவர் தயங்கினார். "நீ இதுல ஏறும்மா. நான் அடுத்த பெட்டிக்குப் போறேன். இங்க ஏறினா யாராச்சும் ஐசி கார்டு கேப்பாங்க. ஐசில வேற பேரு, வேற ஆளு."

நான் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு அவரோடு அடுத்த பெட்டிக்கு நடந்தேன்.

அங்கே அவருக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் எழுந்து கதவருகே போய் நின்றார். எதிரே இருந்த இரண்டு இளைஞர்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவன் போனை மெல்ல உயர்த்தினான். அக்கா அதையெல்லாம் பார்க்காதவர்போல என் மகளின் காலில் கிச்சுக்கிச்சு மூட்டிக்கொண்டிருந்தார். இங்கே வேனும் இல்லை, கேமராவும் இல்லை.

போன் எண்களைப் பகிர்ந்துகொள்வதற்குள் அவருடைய நிலையம் வந்துவிட்டது. "வீட்டுக்குப் போனதும் மெசேஜ் பண்ணுங்கக்கா," என்றேன். என் தங்கையிடமும் தோழிகளிடமும் வழக்கமாகச் சொல்வதுதான்.

அவர் ஒரு கணம் என்னையே பார்த்தார். "சரிம்மா," என்று இறங்கினார்.

அந்த இரண்டு பேரும் அவர் பின்னாலேயே இறங்கினார்கள்.

நான் எழப் பார்த்தேன். மடியில் மகள், தள்ளுவண்டி மடங்கிக் கிடக்கிறது, பானை வேறு. கதவு மூடிவிட்டது. கண்ணாடி வழியாகப் பச்சைச் சேலை படியேறுவது தெரிந்தது, பின்னால் இரண்டு தலைகள். ரயில் நகர்ந்தது.

'போயிட்டீங்களா?' என்று அனுப்பினேன். பதில் இல்லை. அழைத்தேன். எடுக்கவில்லை. சுபாங் ஜெயா வந்தது. பத்து தீகா வந்தது. ஷா ஆலமில் இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். போய் எங்கே தேடுவது? மதியம் நான் கேட்ட கதையின் முடிவு மனசில் ஓடத் தொடங்கியது. சந்து, சுவர், கழன்ற செருப்பு. வேறு எப்படி முடியும் என்று கற்பனை செய்யவே எனக்கு வரவில்லை. நான் பார்த்த படங்களில் எதிலும் அப்படி ஒரு முடிவு இல்லையே!

பாடாங் ஜாவா தாண்டும்போது போன் அதிர்ந்தது.

'வந்துட்டேன்மா. ரெண்டு பேரும் பின்னாலயே வந்தாங்க. மினி மார்க்கெட்டுக்குள்ள போய், அவங்க போற வரைக்கும் வெங்காயம் பொறுக்கிட்டு இருந்தேன். போன் பைக்குள்ள. பயந்துட்டியா? எனக்கு இது பழக்கம்தான். அம்மா மீன் கறி வச்சிருக்காங்க.'

ரயில் என்றும் பார்க்காமல் சத்தமாக அழுதேன், சிரித்தேன். என் மகள் மிரண்டு என் முகத்தைத் தட்டிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவசரமாகத் தட்டச்சு செய்தேன்: 'என் முகத்தை வச்சுக்கச் சொல்லுங்க. முழுசா.'

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ஒரு கல்லூரி அரங்கில் படத்தைத் திரையிட்டார்கள். கணவரோடும் மகளோடும் போனேன். மாமியாரும் வந்தார், பானை உடைந்த கதையை அன்றுதான் சொன்னோம். எனக்குப் பக்கத்து நாற்காலியில் அக்காவின் அம்மாவைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். மெலிந்த உருவம், சரிகைக் கரை போட்ட சேலை. படம் தொடங்கும் முன்பே அவர் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டார்.

அந்தச் சந்து திரையில் வந்ததும் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். அடி விழும் சத்தம் ஒவ்வொன்றுக்கும் அந்தப் பிடி இறுகியது. அப்புறம் கோணல் முகமும் நழுவிய துப்பட்டாவுமாக நான் ஓடி வர, அரங்கம் சிரித்தது. என் மகள் "அம்மா!" என்று கத்தினாள். அவர் மட்டும் கண்ணைத் திறக்கவில்லை.

நான் அவர் காதருகே குனிந்தேன். "ஆன்டி, கண்ணைத் தொறங்க. இதுல அவங்க வீட்டுக்கு வந்துடுவாங்க."

"நெசமாவா?"

"நெசமா."

முதலில் ஒரு கண்ணைத் திறந்தார். திரையில் அவருடைய மகள் படியேறிக்கொண்டிருந்தார். கைப்பையில் சாவியைத் துழாவினார், இரும்புக் கேட்டைத் திறந்தார். செருப்போடு உள்ளே போனார்.

"ஏய், செருப்ப வெளிய விடுடி!" என்று அந்த அம்மா திரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். முன்வரிசையில் இருந்த அக்கா திரும்பிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

எந்தப் படத்தில் யார் அடிபட்டாலும், தன் பிள்ளையைப் பார்க்கக் கண்ணைத் திறக்கலாமா என்று காத்திருக்கும் ஒரு தாய் என் பக்கத்து நாற்காலியில் இருப்பதாகவே எனக்கு இன்றும் தோன்றுகிறது. கண்ணைத் திறவுங்கள் என்று அவரிடம் சொல்ல முடிகிற படங்களைத்தான் நான் தேடுகிறேன்.