கமெரா சாய்ந்திருந்த படம்

போன ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். தொலைக்காட்சியில் ஒரு பழைய காதல் படம் ஆரம்பமானது. ரயில் மேடையில் நாயகி தனியாக நிற்கிறாள். நான் எழுந்து குசினிக்குப் போய், தாகமில்லாமலே தண்ணீர் குடித்தேன். என்ன செய்வது, அந்த முதல் காட்சியைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கத்தில் காது சுடும்.

இளவயதில் எனக்குப் பிலிமத்தலாவையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. நாளெல்லாம் ஆணியும் பெயின்டும். உடம்பை எவ்வளவு தேய்த்தாலும் டர்பன்டைன் வாசம் போகாது. அந்த வாசத்தோடுதான் ஞாயிறுகளில் கண்டியில் நடந்த திரைப்பட வட்டத்துக்குப் போவேன். டியூஷன் வகுப்பு ஒன்றின் மாடியறை, பத்துப் பதினைந்து பேர், ஆளுக்கொரு பிளேன்டீ. சினிமாவைப் பற்றி நான் வாசித்திருந்தது ஒரே ஒரு புத்தகம். குறைகுடம் கூத்தாடத்தானே செய்யும்? பேச என் முறை வந்தபோது இந்த முதல் காட்சியை எடுத்துக்கொண்டேன். ஹேவாஹெட்டப் பக்கம் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பித்த வசந்தியும் அங்கே வருவாள். அவளுக்காகத்தான் பேசினேன் என்பதை உங்களிடம் மறைப்பானேன்? பேசி முடித்ததும் அவளிடம் மனதைச் சொல்லிவிடுவதாக இருந்தேன்.

"கமெரா இடது பக்கம் சாயுது. ஏன்? அவ மனசு சாயுது!" என்று, என் சீடியை ஓடவிட்டுத் தொடங்கினேன். நாயகியின் நெற்றி திரையின் மேல் விளிம்பில் வெட்டுப்பட்டிருப்பது நிறைவேறாத காதல். திரைக்குக் குறுக்கே போகும் கறுப்பு உருவம் விதி. பிறகு ஒலிக்கு வந்தேன். மேடையில் குழந்தையே இல்லை, ஆனால் ஒரு குழந்தை அழுகிறது.

"அது அவளுக்குப் பொறக்கப்போற புள்ள. வருங்காலம் இப்பவே கூப்பிடுது!"

வசந்தி கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பின்வரிசையிலிருந்து நிஸாம் நானா எழுந்தார். நகரில் சீடி கடை வைத்திருந்தவர். நான் அந்தப் படத்தை வாங்கியதும் அவரிடம்தான்.

"தம்பி, குறை நினைக்காதீங்க. அது தியேட்டர்ல களவா எடுத்த கொப்பி. எடுத்தவன்ட கை சாஞ்சிரிக்கி. அழுவுறது படம் பார்க்க வந்த ஆரோ ஒராள்ட புள்ள."

"அப்ப அந்த விதி?" என்று யாரோ கேட்டார்கள்.

"அது பாத்ரூம் போற மனிசன்."

மாடியே அதிரச் சிரித்தார்கள். நானா நல்ல பிரதியைப் போட்டுக் காட்டினார். கமெரா நேராக இருந்தது. நெற்றி முழுசாக இருந்தது. காற்றும் தூரத்து ரயிலும் தவிர வேறு சத்தமே இல்லை. மானம் கப்பலேறும் என்பார்களே, கடலில்லாத கண்டியிலும் அது ஏறும் என்று அன்று கண்டேன். சொல்ல வைத்திருந்ததைச் சொல்லாமலே படியிறங்கினேன். வசந்திதான் பஸ் நிலையம்வரை பின்னால் வந்து, தானாகப் பேச்சைத் தொடங்கினாள். அடுத்த வருஷம் எங்களுக்குக் கல்யாணம்.

அந்த வட்டம் கலைந்துவிட்டது. சீடி கடைகளும் போயின. நானா அதே இடத்தில் இப்போது போன் உறை விற்கிறார். நானும் அன்றைக்குப் பிறகு எந்தப் படத்தைப் பற்றியும் வாய் திறந்ததில்லை. வசந்தி கேட்டால் "நல்லாயிருக்கு" என்பதோடு சரி. படத்தோடு நின்றதா? மகளின் படிப்போ, வீட்டுக்கு அடிக்கும் பெயின்டோ, எல்லாவற்றுக்கும் "ஒன் இஷ்டம்" தான். பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்ற வெட்கம்.

குசினியிலிருந்து திரும்பியபோது வசந்தி டீவியின் சத்தத்தைக் குறைத்திருந்தாள்.

"வாங்க. இத ஏன் இப்படி எடுத்திருக்காங்கன்னு சொல்லுங்க."

"எனக்கென்ன தெரியும்?"

"அன்னைக்கும்தான் ஒன்னும் தெரியாது. ஆனா என்னமா பேசுனீங்க! அந்த ஆளக் கட்டிக்கத்தான் வந்தேன். வந்து பாத்தா ஆளையே காணோம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அத்தனை பேர் சிரித்தபோது பட்ட வெட்கம் இதற்கு ஈடாகாது.