கிராஷ் அக்காவின் காலிக் கட்டில்

ஆரஞ்சுத் தோலை அறுபடாமல் ஒரே சுருளாக உரித்துக்கொண்டிருக்கின்றன விரல்கள். கண் மட்டும் திரையில். மென்பொருள் ஓடுகிறது. அது எப்போது விழும் என்று காத்திருக்கிறார் கிராஷ் அக்கா. பிறர் எழுதிய மென்பொருள் நடு வேலையில் ஏன் பொத்தென்று மூடிக்கொள்கிறது, அதாவது ஏன் 'கிராஷ்' ஆகிறது என்று கண்டுபிடிக்கத்தான் அவருக்குச் சம்பளம்.

நாற்காலியில் சப்பணமிட்டு உட்காருவார். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு மேசையெல்லாம் தேடுவார். கையைத் துடைக்காமல் கீபோர்டைத் தொட மாட்டார். வேறு யாரையும் தொட விட மாட்டார். வீட்டில் ரிமோட் வேலை செய்யவில்லை என்று கணவர் நீட்டினால், "கடைசியா நல்லா இருந்தப்போ என்ன பண்ணீங்க?" என்று விசாரணையைத் தொடங்குவார். மனிதர் எழுந்துபோய் டிவியிலேயே சேனலை மாற்றிக்கொள்வார்.

இப்போது கையில் இருப்பது முதியோர் இல்லங்களுக்கான மென்பொருள். யாருக்கு எந்த மாத்திரை, எவ்வளவு, எப்போது என்று சொல்வது. அட்டவணையை அச்சிடும்போது சில நாள் மூடிக்கொள்கிறது. அச்சுப் பகுதியை எழுதிய பிரிண்ட் அண்ணன் தலையில் பழி விழுந்தது. வேலையை அவரிடமிருந்து பிடுங்கிவிட மேலாளர் முடிவு செய்திருந்தார். இந்த நிலையில், காரணம் தேடிய அண்ணன் 'இதுவரை வந்தேன்' என்று திரையில் காட்டும் ஒரு வரியை நடுவில் சேர்த்தார். கோளாறு மாயமாகிவிட்டது. மேலாளர் முதுகில் தட்டிக்கொடுத்து, நாளைக்கே இல்லங்களுக்கு அனுப்பிவிடலாம் என்றார்.

அக்கா முதல் வேலையாக அந்த வரியைத் தூக்கினார்.

"ஏம்மா, நல்லாத்தானே ஓடுது? எதுக்கு என் வயித்துல அடிக்கற?" என்றார் அண்ணன்.

"சூடுதாண்ணா இறங்கியிருக்கு. சீழ் உள்ளயேதான் இருக்கு."

மேலாளரிடமும் மறைக்கவில்லை. ஒரு வரி கூடியதில் நினைவகத்தில் எல்லாம் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, அச்சின்மேல் விழுந்த அடி இப்போது வேறெங்கோ விழுகிறது என்றார். அது மாத்திரை அளவின்மேல் விழுந்தால் மென்பொருள் மூடாது. தப்பான அளவைச் சொல்லும். மேலாளர் மறுநாள் காலைவரை அவகாசம் தந்தார்.

கணினியின் நினைவகம் ஒரு வார்டு மாதிரி. வேலை முடிந்தவர் கட்டிலைக் காலி செய்ததும் இன்னொருவர் வந்து படுப்பார். போனவருக்கான ஊசியை அதே கட்டிலில் போட்டால், துடிப்பது புதிதாக வந்தவர். துடித்தவரையே குடைந்துகொண்டிருந்தால் ஒன்றும் தெரியாது. ஆகவே, காலியான கட்டில் எதையும் யாருக்கும் தராமல் பூட்டி வைக்கும்படி அக்கா கணினிக்குச் சொல்லியிருந்தார். தொட வருபவன் அங்கேயே மாட்ட வேண்டும். இப்படிப் பூட்டினால் மென்பொருள் நத்தையாய் ஊரும். காத்திருக்கும் அந்த நேரத்துக்குத்தான் ஆரஞ்சு.

தோல் பாதி இறங்கியபோது மென்பொருள் விழுந்தது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். மாட்டியது அச்சு இல்லை. மாத்திரை நேரத்தை நினைவூட்டும் மணி. ஒரு முதியவரின் விவரத்தைத் திறந்து மூடிய பிறகும் அந்த மணி அடங்காமல், அந்த விவரம் காலி செய்த இடத்திலேயே 'நேரமாகிவிட்டது' என்று எழுதிக்கொண்டிருந்தது. வழக்கமாக அந்த இடத்துக்குக் குடிவருவது அச்சு.

அண்ணன் திரையை இரண்டு முறை படித்தார். "அப்ப நான் இல்லியா?"

"நீங்க சும்மா படுத்திருந்தீங்கண்ணா."

விவரத்தை மூடும்போதே மணியும் நிற்கும்படி திருத்தி, பூட்டை எடுக்காமலே இரவெல்லாம் ஓடவிட்டார்கள். விழவில்லை.

மறுநாள் காலை மேலாளர் வந்து நின்றார். அண்ணன் சேர்த்த வரி இல்லாமல் அச்சிட்டுக் காட்ட வேண்டும். அண்ணன் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு தள்ளியே நின்றார். அக்கா எழுந்து தன் நாற்காலியை அண்ணன் பக்கம் திருப்பினார். கீபோர்டைத் துணியால் ஒரு முறை துடைத்து, அவர் முன்னால் நகர்த்தி வைத்தார்.