கோபம் என்று எழுதிவிட்டேன்

எதிர்வீட்டு அக்கா பிறை நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கணவர் வெளியே போன நேரம் பார்த்து என் கதவைத் தட்டினார்.

"தங்கச்சி, போலீஸ் ரிப்போர்ட் ஒண்ணு எழுதித் தர்றியா? எனக்கு மலாய் பேச வரும், எழுத வராது லா."

வக்கீல் ஆபிஸில் கடிதம் எழுதுவதுதான் என் வேலை. என்ன நடந்தது என்று கேட்டேன். "கொஞ்சம் கோபப்படுறாரு," என்றார். கணவர் அடிக்கடி கோபப்படுகிறார், எனக்குப் பயமாக இருக்கிறது என்று பிழையில்லாத நான்கு வரிகள் எழுதிக் கொடுத்தேன். எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

போலீஸ் நிலையத்தில் இருந்த அதிகாரி அதை வாசித்தார். பதிவு செய்து ஒரு நகலைக் கொடுத்தார். குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

மூன்று நாள் கழித்து அக்கா மறுபடியும் வந்தார். வெயில் நேரத்தில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார்.

"பையில இருந்த ரிப்போர்ட்டைப் பாத்துட்டாரு."

"பாத்துட்டு?"

"கோபப்பட்டாரு."

"அக்கா, அவரு சொன்னதை அப்படியே சொல்லுங்க. ஒரு வார்த்தை மாத்தாதீங்க."

சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"'எங்க வேணா போ. திரும்பி வரும்போது பொட்டலமாத்தான் வருவே'ன்னாரு. கத்தல. சோறு சாப்பிட்டுக்கிட்டே சொன்னாரு. சொல்லிட்டு ரசம் கேட்டாரு."

அது கோபமே இல்லை. கோபம் என்றால் தணியும். நான் எழுதிய சொல் அந்த மனிதனை மறைத்து வைத்திருந்தது.

இம்முறை பயம், கோபம் எதையும் எழுதவில்லை. அவர் சொன்னதை, சாப்பாட்டை, ரசத்தை, சட்டைக்கு அடியில் இருந்ததை மட்டும் எழுதினேன். நிலையத்தில் அதே அதிகாரி இரண்டு முறை வாசித்தார். பிறகு ஒரு பெண் அதிகாரியை அழைத்து, கதவைச் சாத்தச் சொன்னார்.

அக்கா வீடு திரும்பவில்லை. அங்கிருந்தே நிபோங் திபாலில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். கணவர் அவரை நெருங்கக் கூடாது என்று உத்தரவும் வந்தது.

ஆனால் அந்த மனிதர் இன்னும் எதிர்வீட்டில்தான் இருக்கிறார். போன வாரம் லிஃப்டுக்காக நின்றபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"தங்கச்சி, அவ எங்க இருக்கான்னு தெரியுமா?"

"தெரியாது அண்ணே."

"பரவால்ல லா," என்று சிரித்தார். "மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க."

லிஃப்ட் வந்தது. நான் ஏறினேன். அவர் ஏறவில்லை. கதவு மூடும்வரை என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.