கேட்டில் கட்டிய சிவப்பு ரிப்பன்

என் மகளைப் பல முறை பார்த்த பிறகே, அவளுக்குக் கவனம் ஓரிடத்தில் நிற்காத ஏடிஎச்டி என்று டாக்டர் உறுதியாகச் சொன்னார். பிறகு என்னிடம், "சின்ன வயசுல நீங்க எப்படி?" என்றார். மேசையடியில் மகள் அவிழ்த்துப் போட்ட சிவப்பு ரிப்பன் கிடந்தது.

எண்பதுகளில் எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் எல்லா வீட்டுக்கும் ஒரே மஞ்சள் சுவர், ஒரே பச்சை கேட். பள்ளி விட்டதும் தும்பியைப் பார்த்தபடியே வந்து, எங்கள் வீடென்று பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து பையை வீசுவேன். கணவர் ஷிஃப்டுக்குப் போனபின் தனியாக இருக்கும் ராணியக்கா, எதுவும் கேட்காமல் வெங்காய போண்டாவை நீட்டுவார்.

பார்வைக் கோளாறு என்று அப்பா எனக்குக் கண்ணாடி வாங்கிப் போட்டார். கண் என்ன பாவம் செய்தது? அந்தக் கண்ணாடியையும் ராணியக்கா வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தேன்.

கடைசியில் அம்மா எங்கள் கேட்டில் சிவப்பு ரிப்பன் கட்டினாள். "இதப் பாத்து உள்ள வாடி."

சில நாள் ஒழுங்காக வீடு சேர்ந்தேன். ஒருநாள் ரிப்பனைப் பார்த்து நுழைந்தால், போண்டா வாசனை!

"நீ வராம ஊடே வெறிச்சுனு கீது பாப்பா. அதான் நானும் ஒண்ணு கட்டிக்கினேன்," என்று சிரித்தார் ராணியக்கா.

கதையைக் கேட்ட டாக்டர், "உங்களையும் முறையா பாத்துடலாம்," என்றார். நிம்மதியாக இருந்தது. திரும்பினால் மகளைக் காணோம். அடுத்த அறையில், முன்பின் தெரியாத ஒரு நர்ஸின் டப்பாவிலிருந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.