தங்கமுத்து உதறிய துண்டு

"மீனுக்கு ஆசைப்பட்டா துண்ட வீசுனான்? அந்த மனுசன் மீன் தின்னே முப்பது வருசம் ஆச்சுடி! வாய்க்கு வந்ததப் பேசாத."

குழாயடியில் நாகஜோதியிடம் நான் இப்படித்தான் சொன்னேன். அவள் விடுகிற ஆளா? இடுப்புக் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இந்தா பாரு பெரியம்மா, படமே இருக்கு. கரையில நின்னு ஒதறு ஒதறுன்னு ஒதறுறாரு, ஊரே எறங்குது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"துண்டு தெரியுது. எறும்பு தெரியுதா ஒன் போனுல?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். போகட்டும். அந்த எறும்பு எங்கிருந்து வந்தது என்று ஊருக்குத் தெரிய வேண்டும். அதனால்தான் நான் சொல்லச் சொல்லப் பேத்தி ஜீவிதா எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது. எதிர்வீட்டுத் தங்கமுத்துவைத் தெரியும்.

செம்பட்டிக்கும் சின்னாளப்பட்டிக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். மேற்கே கண்மாய். வருஷா வருஷம் கண்மாய் மீனைக் குத்தகைக்கு விடுவார்கள். எடுத்தவர் குஞ்சு விட்டு வளர்த்து, வலை போட்டுப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் குத்தகை மீனோடு சரி. தண்ணீரும் கரையும் அவருக்குச் சொந்தமாகிவிடாது. துவைக்கிறவள் துவைப்பாள், மாடு கழுவுகிறவன் கழுவுவான். கோடையில் தண்ணீர் மடைக்கல்லுக்குக் கீழே இறங்கிவிட்டால் குத்தகைக்காரர் வலையைச் சுருட்டிவிட வேண்டும். மிச்ச மீன் ஊருக்கு. யார் வேண்டுமானாலும் இறங்கிப் பிடிக்கலாம். கண்மாய் அழிப்பது என்று அதற்குப் பெயர்.

அதற்கும் ஒரு முறை உண்டு. தங்கமுத்து வீட்டு ஆள் கரைமேல் ஏறி வெள்ளைத் துண்டை வீச வேண்டும். அதுவரைக்கும் ஒரு கால் தண்ணீரில் படக்கூடாது. அவன் தாத்தா வீசினார், அப்பா வீசினார், இப்போது அவன் வீசுகிறான். கூலி கிடையாது. ஆளுக்கொரு மீனை அவன் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். அதையும் அவன் தொடமாட்டான். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டு விருந்தில் கெளுத்தி முள் தொண்டையில் சிக்கி, மச்சான்மார் நாலு பேரும் மாறி மாறி முதுகில் குத்த, மாப்பிள்ளை கண்ணில் தண்ணீரோடு சோற்றை உருண்டை உருண்டையாக விழுங்கியிருக்கிறான். அன்றைக்கு விட்டவன்தான். வாசலுக்கு வந்த மீனெல்லாம் என் வீட்டுச் சட்டியில்தான் கொதிக்கும். ஆகையால் இந்த விஷயத்தில் என்னைவிடச் சரியாகச் சொல்ல ஆள் கிடையாது.

அவனுக்குக் கொஞ்சம் சம்பங்கித் தோட்டம். விடியுமுன் புருஷனும் பெண்சாதியும் பூப்பறிப்பார்கள். அவள் மூட்டையோடு முதல் பஸ்ஸில் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குப் போவாள். இவன் கண்மாயில் குளித்துவிட்டுத் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவான். யாராவது ஒன்று கேட்டால் முடியாது என்று சொல்ல வராது. அது அவனிடம் ஒரு குறைதான், நானே சொல்கிறேன்.

போன வருஷம் அந்தக் குறைதான் ஊரைக் கெடுத்தது. குத்தகைக்காரன் பழனிக்குமார் வந்து, "மாமா, ஒரே ஒரு வாரம் பொறுத்துக்கங்க, இன்னொரு வலை இழுத்துக்கிறேன்" என்றான். இவனும் தலையாட்டினான். அந்த ஒரு வாரம் இன்னொரு வாரமாக நீண்டது. கடைசியில் தண்ணீர் சூடேறி மீனெல்லாம் செத்து மிதந்தது. ஊருக்குக் கிடைத்தது சேறும் நாற்றமும்தான். ஊர் பேசிய பேச்சை எல்லாம் தங்கமுத்து தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான்.

இந்த வருஷம் பழனிக்குமார் இன்னும் ஒரு படி மேலே போனான். மீன் திருடு போகிறது என்று கரைக்குப் போகிற பாதையில் கருவேல முள்ளை வெட்டிக் குவித்துவிட்டான். துணி துவைக்கப் போகிற பெண்கள் வயல் வரப்பைச் சுற்றிப் போனார்கள். தண்ணீர் மடைக்கல்லுக்குக் கீழே போயும் வலையைச் சுருட்டவில்லை. ஊரே கூடையும் ஊத்தாவுமாகக் கரையைப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஊத்தா என்பது அடி அகன்று மேல் குறுகிய மூங்கில் கூடு. அதைச் சேற்றில் அமுக்கி, மேல்வாய் வழியாகக் கையை விட்டு மீனைப் பிடிப்போம்.

அன்று காலை தங்கமுத்து குளிக்கப் போனான். பாதையில் முள். நடந்து பழகின பாதையை விட்டுச் சுற்றிப் போக அவனுக்கு மனசில்லை. தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை முள்மேல் விரித்துப் போட்டு, அதன்மேல் கால் வைத்துத் தாண்டியிருக்கிறான். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கரை ஏறினான். முள்ளில் இருந்த எறும்பு துண்டில் ஏறி, துண்டிலிருந்து கழுத்துக்கு ஏறிவிட்டது. சுள்ளென்று கடித்ததும் துண்டை இழுத்து உதறினான்.

அவ்வளவுதான். "துண்டு விழுந்துருச்சு!" என்று எவளோ கத்தினாள். டீக்கடை காலியானது. துவைத்துக்கொண்டிருந்தவர்கள் சேலையை அப்படியே போட்டுவிட்டு இறங்கினார்கள்.

அன்று சாயங்காலமே தங்கமுத்து கதவைச் சாத்திக்கொண்டான். பழனிக்குமார் ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போவதாகவும், இனிமேல் ஊரைக் கண்மாயில் இறங்கவிடமாட்டேன் என்றதாகவும் செய்தி வந்தது. நான் கஞ்சி கொண்டுபோனேன். சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"சின்னம்மா, மூணு தலைமொறையா வந்தது என்னால போச்சு."

"நிறுத்துங்கன்னு ஒரு சத்தம் போட்டிருக்கலாமேடா?"

"கையத் தூக்குனேன். வாய் வரல. போன வருசம் என்னைய வாய்க்கு வந்தபடி வஞ்சவங்க அம்புட்டுப் பேரும் சிரிச்சுக்கிட்டே எறங்குனாங்க. எப்புடிச் சின்னம்மா நிறுத்துறது?"

கஞ்சியை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அவன் வெளியே வரவில்லை. பூவுக்குப் பெண்சாதி மட்டும் போனாள். ஊர்ப்பேச்சு இரண்டாகப் பிரிந்தது. மீனாசை என்றது ஒரு கூட்டம். வேண்டுமென்றே வீசிய வீரன் என்றது இன்னொன்று. இரண்டும் பொய்.

காளியம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். பழனிக்குமார் எழுந்தான்.

"இன்னும் ரெண்டு வலை பாக்கி இருந்துச்சு. அதுக்குள்ள மொத்த மீனையும் திருடிட்டாங்க. துண்டு வீசுனவரு, எறங்குனவங்க, எல்லாரு பேரையும் ஸ்டேஷன்ல குடுக்கப்போறேன். கரைக்கும் வேலி போடுவேன்."

எனக்குப் பொறுக்கவில்லை.

"பேரு குடுக்குறது இருக்கட்டும் அப்பு. அன்னைக்கு ஒங்க வீட்டுல என்ன கொழம்பு?"

"அதுக்கும் இதுக்கும் என்ன அத்தே?"

பின்னால் உட்கார்ந்திருந்த அவன் ஆத்தா கண்ணம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "விரால் கொழம்பு. நீதான் ரெண்டு தடவ ஊத்தச் சொல்லித் தின்ன."

"அது... நீ வாங்குனதுன்னுல்ல நெனச்சேன்?"

"எங்கிட்டுப் போயி வாங்குறது? ஊத்தாவப் போட்டு நாந்தான் அமுக்குனேன். இந்தத் தண்டி!" என்று முழங்கையைத் தொட்டுக் காட்டினாள்.

கூட்டம் சிரித்தது. பழனிக்குமாருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஆத்தா, நீயுமா எறங்குன?"

"துண்டு அசைஞ்சா எறங்குவேன். இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்ததுலருந்து எறங்குறேன். தண்ணி கல்லுக்குக் கீழ போனப்புறம் என்னடா ஒனக்கு வலை? எழுது, மொத பேரு என் பேர எழுது."

நானும் சும்மா விடவில்லை. "அந்த எறும்பு யாரு போட்ட முள்ளுல இருந்து வந்துச்சுன்னும் சேத்து எழுது அப்பு."

பழனிக்குமார் ஆத்தாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. புகாரும் கிடையாது, வேலியும் கிடையாது என்றான். மறுநாள் விடிந்ததும் முள்ளை அவனே வந்து இழுத்துப் போட்டான். இனித் தண்ணீர் கல்லுக்குக் கீழே போனால் துண்டு வீசத் தங்கமுத்து யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று ஊரும் முடிவு செய்தது.

முள் போன கையோடு கண்ணம்மாளும் நானும் தங்கமுத்து வாசலில் போய் நின்றோம். பின்னால் பாதித் தெரு வந்தது.

"ஏலே தங்கமுத்து! பாதை தெறந்தாச்சு, வந்து குளி!" என்று கண்ணம்மாள் சத்தம் போட்டாள்.

தாழ் விலகியது. தாடியும் மீசையுமாக வெளியே எட்டிப் பார்த்தான். எங்களைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான். பெரிய மூச்சு ஒன்று விட்டான். உள்ளே போய், கொடியில் கிடந்த துண்டை எடுத்து வந்தான். பழக்கத்தில் அதை உதறப் போனான் பாருங்கள், தெருவே ஒரே குரலில் கத்தியது.

"ஒதறாத!"

அந்தத் துண்டை நாலாக மடித்துத் தோளில் வைத்துக்கொண்டு, சிரித்தபடியே வாசலைத் தாண்டி இறங்கி நடந்தான்.