ஒழுகிய பியூரெட்

ஆவடியில் பி.எஸ்சி. முதலாண்டு படித்தபோது நான் செய்த திருட்டு இது. வேதியியல் செய்முறைத் தேர்வன்று என் மேசையில் இருந்த பியூரெட், கரைசலை அளந்து விடும் கண்ணாடிக் குழாய், அடித் திருகில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. பக்கத்து மேசை ஸ்டெல்லா இன்னும் வரவில்லை. அவளுடைய நல்ல பியூரெட்டை எடுத்துக்கொண்டு என்னுடையதை அங்கே மாட்டிவிட்டேன்.

அப்படியும், ஒரே அளவு வர வேண்டிய சோதனையில் எனக்கு மூன்று முறையும் மூன்று அளவு. அழுகை முட்டியது. திருகில் வாஸ்லின் தடவி ஒழுகலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். தன் புனலைத் தூக்கிக் காட்டினாள். அப்போதுதான் உறைத்தது. கரைசல் ஊற்றிய புனலை நான் பியூரெட்டின் மேலேயே விட்டிருந்தேன். அதில் தங்கிய துளிகள் உள்ளே விழுந்து அளவைக் கெடுத்திருந்தன. எடுத்தேன். அடுத்த இரண்டு முறையும் ஒரே அளவு வந்தது.

வெளியே வந்ததும் அவளிடம் திருட்டை ஒப்புக்கொண்டேன்.

“தெரியும்டி. நீ மாத்தும்போது கதவாண்டதான் நின்னுகினு இருந்தேன்.”

“அப்புறம் ஏன் ஹெல்ப் பண்ணே?”

“நீ ஃபெயிலானா என்னோடது ஒழுகாம நின்னுடுமா இன்னா?” என்று சிரித்தாள்.

இப்போது நான் பூந்தமல்லியில் வேதியியல் ஆசிரியை. தேர்வுக்கு முந்தின நாள் ஒவ்வொரு பியூரெட்டிலும் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பேன். ஒழுகுகிற ஒன்று இருந்தால் அதற்கு வாஸ்லின் தடவி என் மேசையில் மாட்டிக்கொள்வேன்.